கீழ்ப்பக்கம்

காப்பெல் என்ற அமெரிக்க ஊரில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் திருமூர்த்தியின் தாடையில் பதினொரு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. உடுமலைக்காரர். அறுபது வருஷப் பழசான, எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றை ஆறு வருஷம் இழைத்து ஒட்டிப் பறக்க வைத்தார். பழங்கால விதிப்படி நடக்கும் போட்டியில் ஒரு தடவையாவது முழுச் சுற்றையும் முடிக்க வேண்டும் என்பது அவர் வெறி. அதில் ஜிபிஎஸ் கிடையாது. முழங்காலில் வரைபடம், கண்ணாடிக் கூண்டில் ஃபிலிம் கேமரா, அதை அமுக்கும் கம்பி இடது கையில். சுற்றில் திரும்ப வேண்டிய இடங்களான மூன்று திருப்பங்களையும் வானிலிருந்து படம் எடுத்துக் காட்டினால்தான் செல்லும்.

போன மே மாதம் இரண்டை எடுத்துவிட்டார். மூன்றாவதற்குப் போகும்போது மேற்கே வானம் கறுத்தது. கீழே டிரெய்லரை இழுத்தபடி டிரக்கில் தொடர்ந்து வந்த மனைவி கிருபாராணி ரேடியோவில் கத்தினாள். அவள் சாத்தான்குளத்துக்காரி.

"திரு, ஸ்டார்ம் வருது! மேல்பக்கம் போகாத! கீழ்பக்கமா ஓடியா!"

மேலே ஆலங்கட்டி என்று நினைத்தார் திருமூர்த்தி. இறக்கையின் காற்றுப் பிரேக்கை இழுத்தார். கிளைடர் கல்லாக இறங்கியது.

"ஏன் எறங்குற?"

"நீதான கீழ வரச் சொன்ன?"

"கீழ்பக்கம்னா கிழக்குல, கூறுகெட்ட மனுசா!"

பிரேக்கை மூடினார். மீண்டும் ஏற உயரம் மிச்சமில்லை. புயலின் முன்காற்று பக்கவாட்டில் அறைந்தது. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி கூண்டை உடைத்து முகத்தில் விழுந்தது. மாட்டுப் புல்வெளி ஒன்று எதிரே எழும்பி வந்தது. இடது இறக்கை தரையைக் குத்திப் பிளந்தது. கிளைடர் சுழன்று முள்கம்பி வேலிக்குள் பாய்ந்தது. ஒரு கம்பி உள்ளே நுழைந்து தாடையைக் கிழித்தது. பல் இரண்டு மடியில் விழுந்தன.

டிரக்கை நிறுத்தி ஓடிவந்த கிருபாராணி குறட்டால் கம்பியை வெட்டினாள். அவள் கையெல்லாம் ரத்தம்.

"பேசாத. வாய மூடு."

"எங்கூர்ல கெழக்குன்னா கெழக்குடி," என்றார், ரத்தத்தைத் துப்பி.

"செத்திருப்ப! அப்பவும் ஊர்ப் பெருமையா?" துண்டை வைத்து ஓங்கி அழுத்தினாள். அவர் அலறினார்.

கிளைடர் விறகாகிவிட்டது. ஃபிலிமைக் கழுவியபோது மூன்றாவது படமும் இருந்தது. மோதிய வேகத்தில் கை இறுகிக் கம்பியை அமுக்கியிருக்கிறது: சாய்ந்த வேலிக்கம்பம், அதன்மேல் ஒரு மாட்டின் மிரண்ட முகம். நடுவர் அதை வெகுநேரம் பார்த்தார். திருப்பம் இல்லை என்று தள்ளி, தரையிறங்கிய இடத்துக்கான சாட்சியாக மட்டும் ஏற்றுக்கொண்டார்.

கடைசி இடம்.