தில்லைத்துறைக்கு வந்த பாதுகாப்பு

கேதீஸ்வரியின் முகம் தெரியாதவர்களுக்கும் அவளுடைய குரல் தெரியும். ஏறாவூர் தொடங்கி சித்தாண்டி வரைக்கும் மரண அறிவித்தல், கோயில் திருவிழா, தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாள் எதுவானாலும் ஓட்டோக் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அவள்தான் பேசுவாள். அவளுடைய புருஷன் நடத்திய தொழில் அது. அவர் நெஞ்சுவலியில் போனபிறகு, சாமான்களை வித்துவிடச் சொன்ன அண்ணன்மாரிடம், "விக்க ஏலா. எனக்கும் வாய் இரிக்கு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள். ஓட்டோ ஓட்ட ஏறாவூர் ஸாஹிர் வந்து சேர்ந்தான். பொம்பிளைக் குரலில் மரண அறிவித்தலா என்று முகம் சுளித்த ஊர், போகப் போக அவள் குரல் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வரப் பழகியது. இவள் சொன்னால் உண்மை என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் களவெடுத்தார்கள்.

போன மார்கழியில் புயல் எச்சரிக்கை வந்தது. வாவியோரம் கிடந்த தில்லைத்துறைக் குடிசைகளில் தோணிக்காரர்களும், கண்ணா மரப் பற்றைக்குள் இறால் பிடிக்கும் பெண்களும் இருந்தார்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். "உங்கள் பாதுகாப்பை அரசாங்கம் உறுதிப்படுத்துகின்றது. உடனடியாகப் பாடசாலைக்குச் செல்லுங்கள்." கொட்டுகிற மழையில் ஒழுங்கை ஒழுங்கையாக அதை வாசித்தாள்.

கண்ணகை மட்டும் அசையவில்லை. வாவியில் தனியாகத் தோணி வலித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்.

"என்ட தோணிய ஆரு பாக்கிற?"

கேதீஸ்வரி ஓட்டோவை விட்டு இறங்கி, நனைந்துகொண்டு அவளருகே போனாள். "தோணி எங்கயும் போகாது. உயிர்தான் முக்கியம். நான் சொல்றன், வாகா."

அவள் சொன்னதால் கண்ணகை வந்தாள்.

வெள்ளம் வந்தது, வடிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய சனம் தெருவிலேயே நின்றுவிட்டது. துறையைச் சுற்றிச் சீமெந்துத் தூண், முள்ளுக்கம்பி. புயல் விட்டுவைத்த குடிசைகளைப் புல்டோசர் வழித்திருந்தது. தோணிகளை விறகுபோல் தெருவோரம் குவித்திருந்தார்கள். புதுப் பலகையில், "பாதுகாக்கப்பட்ட அரச பிரதேசம். உட்பிரவேசித்தல் தண்டனைக்குரிய குற்றம்."

கண்ணகை நேரே கேதீஸ்வரியின் வீட்டுக்கு வந்தாள். படியில் ஏறவில்லை.

"உன்ட குரலைக் கேட்டுத்தான் எழும்பிப் போனம்" என்றாள். திரும்பி நடந்தாள்.

ஏசியிருந்தால் கேதீஸ்வரிக்கு ஆறியிருக்கும். தன் வாயைத்தான் தூண்டிலில் குத்தி வாவிக்குள் எறிந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. விடிந்ததும் அலுவலகத்துக்குப் போனாள். தாள் தந்த அதே அதிகாரிதான் இருந்தார்.

"நாங்கள் காணியைப் பிடிக்கவில்லை அம்மா. பாதுகாக்கிறோம்."

"ஆரிட்ட இருந்து சேர்?"

"சட்டவிரோதமாக உள்ள வாற ஆக்களிட்ட இருந்து."

"அங்க பொறந்து வளந்த சனத்தத் தவிர அந்தக் காணிக்குள்ள வேற ஆரும் கால் வச்சதில்ல. அப்ப எங்களிட்ட இருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "மேலிடத்து முடிவு. எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

மேலிடம் எங்கே இருக்கிறதென்று கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அங்கே உல்லாச விடுதி வரப்போகிறதென்று கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு தேர்தல் வந்தது. கட்சி அமைப்பாளர் கனகசிங்கம் அவள் வீடு தேடி வந்து பிரசார வசனங்களை நீட்டினார். பாதுகாப்பான ஆட்சி அமைப்போம். மக்களின் காணிகளைப் பாதுகாத்தது எமது அரசே. உங்கள் வாக்கு உங்கள் பாதுகாப்பு.

"இதில எந்தப் பாதுகாப்பு கண்ணகைக்கு?" என்று கேட்டாள்.

"எழுதுற ஆக்கள் எழுதுவாங்க. நீங்க வாசிச்சாப் போதும் தங்கச்சி."

"ஒருக்கா வாசிச்சித்தன். துறைச்சனம் முழுக்கத் தெருவில நிக்குது. இனி வாசிக்க மாட்டன்."

கனகசிங்கம் எழும்பினார். படலையடியில் திரும்பிச் சிரித்தார். "பொம்பிளை தனிய இரிக்கிறீங்க. பாத்து நடந்துகொள்ளுங்க. உங்கட பாதுகாப்புக்குத்தான் சொல்றன்."

அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புமுன் அவள் ஸாஹிரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஓட்டோவ எடு தம்பி. தில்லைத்துறைக்கு."

"பொலிஸ் வரும் அக்கா."

"வரட்டும். நீ பயமெண்டா சாவியத் தா."

ஸாஹிர் ஏறி உட்கார்ந்தான். "என்ட வாப்பாட தோணியும் அந்தத் துறையிலதான் கிடந்த" என்றபடி ஓட்டோவைக் கிளப்பினான்.

பட்டப்பகலில், சனம் தங்கியிருந்த ஒழுங்கைகளுக்குள்ளால் அவள் குரல் போனது. கையில் தாள் இல்லை. "மார்கழியில எழும்பிப் போங்க எண்டு சொன்ன அதே கேதீஸ்வரி பேசுறன். என்னை வச்சு உங்கள ஏமாத்திப் போட்டாங்க. இப்ப நான் வேலிக்குப் போறன். வாறவங்க வாங்க."

முதலில் பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்கள் தெருவோரம் குவிந்து கிடந்த தோணிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண்ணகை சீலைத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு முள்ளுக்கம்பியைப் பிடித்து இழுத்தாள். கேதீஸ்வரி மைக்கை ஸாஹிரிடம் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் பிடித்தாள். இரண்டு தூண்கள் சாய்ந்தன. பொலிஸ் வருவதற்குள் தோணிகள் தண்ணீரில் இறங்கிவிட்டன.

அரச உடைமைக்குச் சேதம், அனுமதியில்லாத ஒலிபெருக்கி என்று கேதீஸ்வரிமேல் வழக்கு. பொலிஸ் பிடித்துக்கொண்டு போன ஓட்டோவை ஒரு மாதத்தில் விட்டார்கள். ஒலிபெருக்கியும் மைக்கும் இன்னும் வரவில்லை. தேர்தலில் வாக்குப் போய்விடுமென்று பயந்து, உடைந்த இடத்தில் கம்பி கட்டாமல் விட்டார்கள். பின்னர் தாங்களே கொடுத்ததுபோல் "மீனவர் பாதை" என்று அதற்கும் ஒரு பலகை நட்டார்கள். தோணிக்கு வழி கிடைத்தது. குடிசைக்கு நிலம் கிடைக்கவில்லை. கண்ணகை சித்தாண்டியில் தங்கச்சி வீட்டுப் பின்வளவில் தகரம் அடித்து இருக்கிறாள்.

வழக்குத் தவணைகளுக்கு அவளும் வந்து நீதிமன்ற வாசலில் கேதீஸ்வரிக்குப் பக்கத்தில் குந்துகிறாள். அந்த மார்கழியைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. பேர் கூப்பிட்டதும் கேதீஸ்வரி எழும்பி உள்ளே போகிறாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறு தண்டப் பணத்தோடு முடியும் என்று சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் மாட்டேன் என்கிறாள்.