மூன்றாவது தடவை திறந்த லொறிக் கதவு

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷமாகிவிட்டது. இரண்டு தடவை கொப்பி வாங்கினேன். இரண்டையும் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். நானும் தேடவில்லை. உண்மையைச் சொன்னால், தேடாமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்தது.

வெட்கம்தான் காரணம். எங்கள் ஊர்க் கோயிலில் நான் இப்போது வண்ணக்கர். கோயில் நெல்லும் கோயில் திறப்பும் என் பொறுப்பில் இருக்கின்றன. அப்படிப்பட்டவன், அகதிச் சனத்துக்குப் போன அரிசியில் கைவைத்தேன் என்று தன் கையாலேயே எழுதுவது லேசான காரியமில்லை. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்ரோர் வேலைக்கும் லொறி வேலைக்கும் போகிற இளம் ஆட்கள் வாசிக்க வேண்டும்.

1. ராசன் பருப்பு மூடையான கதை

நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். வயல் வட்டையில் நெல் வேலை தவிர வேறு தெரியாது. சுனாமி வந்துபோன பிறகு, மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண நிறுவனத்தின் ஸ்ரோரில் வேலை கிடைத்தது. மூடை அடுக்குவதும் லொறியோடு போய் இறக்கிக் கொடுப்பதும் என் வேலை. அந்த நேரம் நாலு பக்கமிருந்தும் சாமான் வந்தது. கொழும்பில் ஏற்றியது இங்கே வந்து சேரும்போது குறையும். எங்கே குறைந்தது என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

அதற்காகத்தான் பிறகு, எங்கள் பக்கத்தில் யுத்தம் முடிகிற காலத்தில், கொழும்பு ஒபிசிலிருந்து அன்ரன் சேர் மெசின்களோடு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். நல்ல மனிசன், ஆனால் சிரிப்பு வராது. மூடைக்கு ஒன்றாகப் பெருவிரல் அளவு ரேடியோ டேக் கட்டினோம். ஸ்ரோர் வாசலில் ஒரு ரீடர். மூடை வாசலைத் தாண்டினால் "கீங்" என்று சத்தம் போட்டு, கொம்பியூட்டரில் ஒன்று கூட்டிக்கொள்ளும். இறக்குகிற இடத்திலும் அதே மாதிரி ஒன்று. லொறிக்குள்ளே ஒரு சென்சர் பெட்டி. பின்கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் படும்தானே, அந்த நேரத்தை அது எழுதிவைக்கும்.

முதல் நாளே எங்களோடு மூடை தூக்கும் ராசன் பருப்பு மூடை டேக் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனான். போகும்போது கீங். வரும்போது கீங். அவன் இன்னொருக்கா போனான், வெற்றிலைக்கு.

"பருப்பு மூண்டு மூடை கூடப் போயிருக்கு. ஆர் கொண்டுபோனது?" என்று அன்ரன் சேர் கத்தினார்.

"ஒருத்தரும் கொண்டுபோகல்ல சேர். பருப்பு தன்ட பாட்டில நடந்து போய் வெத்திலை போடுது" என்றார் றகீம் காக்கா.

2. டயர் வெடித்து வைத்த நேர்த்தி

றகீம் காக்கா எங்கள் லொறி டிரைவர், ஏறாவூர் முஸ்லிம் ஆள். வயதில் மூத்தவர், அதனால் அண்ணன் முறைக்கு எல்லாரும் காக்கா என்போம். லொறியும் அவருடையதுதான். அதை நம்பித்தான் அவருடைய வீட்டில் ஆறு பேர்.

வாவிக்கு அப்பால், படுவான்கரையில் சண்டை ஓய்ந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாங்கள் வவுணதீவு தாண்டி வெல்லாவெளிக்கு உலர் உணவு கொண்டுபோவோம். சண்டை ஓய்ந்தாலும் கண்ணிவெடிப் பயம் ஓயவில்லை. முதல் பயணத்திலேயே, ஒரு மருதமரத்தடிப் பிள்ளையாருக்கு நேரே வரும்போது, லொறிக்கு அடியில் படார் என்றது.

"பிள்ளையாரே! ஒவ்வொரு லோட்டிலயும் முதல் சிறங்கை உனக்கு!" என்று கத்திவிட்டேன்.

காக்கா இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "டயர்டாப்பா."

நான் இன்னும் கும்பிட்டபடிதான் இருந்தேன்.

"டயர் எண்டு தெரிஞ்ச பிறகும் நேத்தி செல்லுமா சாமித்தம்பி?"

"செல்லும் காக்கா. வாயால சொல்லிட்டன்."

"அப்ப ஜக்க எடு."

எங்கள் பக்கத்தில் சூடடித்த களத்தில் முதல் நெல்லைச் சாமிக்கு எடுத்துவைக்காமல் ஒருவரும் வீட்டுக்கு நெல் ஏற்றமாட்டார்கள். களத்தில் செய்வதை நான் லொறியில் செய்தேன். மருதமரத்தடியில் நிறுத்துவோம். பின்கதவைத் திறந்து, ஒரு மூடையின் வாயில் நாலு தையல் பிரித்து, உள்ளங்கை நிறைய ஒரு சிறங்கை அரிசி எடுத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைப்பேன். சாக்கு ஊசியால் திருப்பித் தைத்துவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது களவு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3. அன்ரன் சேரின் கணக்கு

ஒரு வெள்ளிக்கிழமை அன்ரன் சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"காக்கா, போற வழியில ஆமி சென்றி ரெண்டு. ரெண்டிலயும் சோதிக்கக் கதவு திறக்கும், சரி. ஏத்துறது இறக்கிறதை விட்டால், மெசின் மூண்டு தரம் எண்டு சொல்லுது. ஒவ்வொரு நாளும் மூண்டு."

"மெசினுக்கு எண்ணத் தெரியாதாக்கும் சேர். ராசனையும் மூடை எண்டதுதானே?"

"ராசன்ர கதையை விடுங்கோ. மூண்டாந்தரம் என்னத்துக்குத் திறந்தனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா சொல்லிவிட்டார்: "சலம் பெய்ய நிப்பாட்டினது."

"அதுக்கு ஏன் பின்கதவு?"

"வெக்கம் சேர். றோட்டால சனம் போகும். கதவத் திறந்துவச்சி அதுக்கு மறைவில நிண்டுதான் பெய்வன்."

"ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்திலயோ?"

"வயசு போயிட்டு சேர். டைமுக்கு வந்திரும்."

எனக்கு இருமல் வந்தது. அன்ரன் சேர் சிரிக்கவில்லை.

"மூடை ஒண்டும் குறையேல்ல. அப்ப எடுக்கிறதுக்குத் திறக்கேல்ல. எதையோ ஏத்தத்தான் திறந்திருக்கு. நான் திங்கட்கிழமை றிப்போட் அனுப்பவேணும். அதுவரைக்கும் லொறி நிக்கட்டும்."

எனக்கு இருமல் நின்றுவிட்டது. நிவாரண லொறியில் வழியில் எதையோ ஏற்றினான் என்று ஒரு கடதாசி போனால், அந்தக் காலத்தில் விசாரணைக்கு ஆள் வரும். கூட்டிக்கொண்டு போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது.

வெளியே வந்து, "ஏன் காக்கா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு வேலை போனா வேற வேலை தெரியுமா? எனக்கு லொறியாவது இரிக்கி. அதோட, ஆண்டவனுக்குக் குடுத்த சொல்ல நீ மாத்தினா அந்தப் பாவத்தில எனக்கும் பங்கு வரும்."

பின்னேரம் வீட்டில் சொன்னேன். பெண்சாதி அரிசி கொழித்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைத்தாள்.

"ஒரு சிறங்கைக்கு ஒரு மனிசனப் பலி குடுக்கிறதா? பிள்ளையார் உங்களிட்ட அதையா கேட்டவர்?"

4. சாக்கு ஊசியோடு போனது

திங்கட்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, சாக்கு ஊசியையும் எடுத்துக்கொண்டு அன்ரன் சேருக்கு முன்னால் போய் நின்றேன்.

"காக்காவ விடுங்க சேர். கதவத் திறந்தது நான்." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு சிறங்கையோ?"

"ஓம் சேர்."

"இந்த மெசின் வெளிநாட்டிலயிருந்து வந்தது. ஒரு சிறங்கையைப் பிடிக்கவோ?"

நம்பவில்லை. லொறியில் ஏறி எங்களோடு வந்தார். மருதமரத்தடியில் செய்வதைச் செய்துகாட்டு என்றார். காட்டினேன். நான் தைத்து முடிக்குமுன் இரண்டு அணில், தினமும் வருகிற மாதிரி வந்து அரிசியைத் தின்னத் தொடங்கின. மூடையைத் தூக்கி, நான் போட்ட தையலைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

"காக்கா நாளைக்கு லொறியை எடுக்கட்டும். நான் றிப்போட்டில உள்ளதை உள்ளபடி எழுதுறன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாமித்தம்பி, இது ஆருடைய அரிசி?"

நான் அணில்களைப் பார்த்தேன்.

"உங்கட வயல் நெல் எண்டால் மூடையோட குடுங்கோ, நான் கேக்கமாட்டன். இது வெல்லாவெளியில லைன்ல நிக்கிற சனத்தின்ர அரிசி. நேத்தி வைச்சது நீங்கள், கட்டுறது அவையோ?"

பெட்டியில் நேரம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. இந்தக் கேள்வி அந்த மனிசனிடமிருந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதம் லொறியில் ஏறக்கூடாது, ஸ்ரோர் கூட்ட வேண்டும் என்பது தண்டனை. வேலையைப் பறிக்கவில்லை. தெய்வம் அவரைக் காக்க வேண்டும்.

ஆனால் என் நேர்த்தி? லொறி போகும், நான் போக ஏலாது. அடுத்த நாள் காலையில் காக்கா லொறியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். என் பெண்சாதி எங்கள் வீட்டு அரிசியில் ஒரு சிறங்கையைத் துணியில் முடிந்து கொடுத்தாள். அவர் அதை முன்சீற்றில் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஒரு மாதமும் அப்படித்தான். கூடப் போன ராசன் வந்து சொல்லுவான்: காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டு, "சாமித்தம்பிட அரிசி. நான் டெலிவரி மட்டும்தான்" என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வருவாராம். பின்கதவு பூட்டினபடியே இருந்தது. மாத முடிவில் அன்ரன் சேர் பெட்டியை வாசித்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு.

இப்போது ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். பிள்ளையார் வெள்ளைக்காரன் மெசினின் கண்ணைக் கட்டினாராம், அதிகாரி வந்து காலில் விழுந்தாராம். போன திருவிழாவில் ஒருவர் அதை ஒலிபெருக்கியிலும் சொன்னார். காக்காவின் பேரே இல்லை. காக்கா மௌத்தாகி, மண்ணில் அடக்கி நாலு வருஷம்.

அதனால் வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லும்போது இதில் உள்ளபடியே சொல்லுங்கள். மெசின் சரியாகத்தான் வேலை செய்தது. களவெடுத்தது நான். அரிசி ஒரு சிறங்கை, அதை மூடையாக்க வேண்டாம். கொண்டுபோய் வைத்தது ஏறாவூர் றகீம் காக்கா, அந்தப் பேரை எடுத்துவிட வேண்டாம்.