ஒரு நொடியில் அழிந்த மூன்று மெயில்கள்

அந்தத் தகடு ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் மெயிலக்கா. ஆபீஸ் மெயில் முழுவதும் அவள் பொறுப்பு. பாஸ்வேர்டு மறந்தாலும் அவளிடம்தான் வருவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் அவளிடம்தான். "வீட்ல பொண்டாட்டி பேசலைன்னாலும் சர்வர்ல கோளாறுன்னு என்கிட்டதானே வருவீங்க" என்று வாயாடியே பதினாறு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அறைக் கதவு உதைபட்டுத் திறந்தது. உள்ளே வந்தவன் லோடுமேன். முந்தின வாரம் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் சிக்கி வலது கையை மணிக்கட்டோடு இழந்தவரின் தம்பி. அவன் கையில் இரும்புக் கம்பி. அவள் எழுவதற்குள் ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரீன் சுக்குநூறாகிவிட்டது.

"மெஷின் தானா இறங்குதுன்னு எங்கண்ணன் மேனேஜருக்கு மூணு மெயில் போட்டாரு. ஒண்ணுகூட வரலைன்னு அந்தாளு சத்தியம் பண்றாரு. நீதானடி அழிச்சே?"

முடியைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதினான். கண் இருட்டியது.

"என்னைக் கொன்னுட்டா யாரு தேடிக் குடுப்பா? கையை எடு. உன் கண்ணு முன்னாடியே பாக்கறேன்."

பிடி தளர்ந்தது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, உடையாத இன்னொரு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தாள். மேனேஜர் பதிலே போடுவதில்லை என்று அந்த அண்ணன் ஒருநாள் அவளிடமே வந்து சொல்லியிருந்தார். "அட்ரஸைத் தப்பா அடிச்சிருப்பீங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டிருந்தாள்.

சர்வர் பதிவில் மூன்று மெயில்களும் இருந்தன. மூன்றும் மேனேஜரின் மெயில் பெட்டிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. சேர்ந்த ஒரே நொடியில் அழிந்தும் போயிருந்தன. எந்த மனுஷனாலும் ஒரு நொடியில் படித்து அழிக்க முடியாது. பெட்டியின் செட்டிங்கைத் திறந்தாள். பிரஸ் பிரிவிலிருந்து 'மெஷின்' என்ற சொல்லோடு எது வந்தாலும் தானாக அழியட்டும் என்று அதில் ஒரு கட்டளை. போட்ட நாளில் மேனேஜர் லீவு. போட்டது பிரஸ் பிரிவு சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரிலிருந்து. லீவில் போகும்போது மேனேஜர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவது அவரிடம்தான்.

"அப்போ... மெயில் வந்துச்சா?" லோடுமேனின் குரல் உடைந்தது.

"வந்துச்சு தம்பி. வந்த உடனே சூப்பர்வைசர் அதோட கழுத்தை நெரிச்சிருக்கான்."

அந்தப் பதிவு அச்சான தாளைப் பிரிண்டரிலிருந்து அவள் உருவும்போது, சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "குடு அதை" என்று பாய்ந்தார். அவள் விடவில்லை. அவர் ஓங்கி விட்ட அறை இடது காதில் இறங்கியது. விழுந்தவளின் விரல்களை ஷூவால் மிதித்தார். அதற்குள் கம்பி சுழன்று அவர் தோளில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம். லோடுமேன் அடுத்த அடியைத் தலைக்குக் குறிவைத்து ஓங்கினான். அவள் தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்டா! இவன் செத்துட்டா உங்கண்ணனுக்கு யாருடா பதில் சொல்லுவா?"

கம்பி தரையில் விழுந்தது. அவன் சுவரில் முகத்தைப் புதைத்துக் கதறினான்.

போலீஸ் லோடுமேன், சூப்பர்வைசர் இருவரையும் கூட்டிப்போனது. மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பயந்துதான் செய்ததாக சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். மெயில்கள் அழிந்தது 'சிஸ்டம் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். மெயிலக்கா மாட்டேன் என்றுவிட்டாள். லோடுமேன்மேல் தான் புகார் தரப்போவதில்லை என்றும் எழுதிக் கொடுத்தாள்.

விரல்களில் கட்டோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையை இழந்தவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அன்னைக்கே நான் தேடிப் பாத்திருக்கணும்ண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதோ சொன்னார். அறை வாங்கிய காதில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"எந்தக் காதும்மா போச்சு?" என்றார் உரக்க.

"இடதுண்ணே."

"அப்போ ஸ்டூலை இந்தப் பக்கம் போட்டு உக்காரு."