நாளைக்கு வரும்

இன்று குசினியில் தாச்சிக்குள் செத்தல் மிளகாய் கருகி, இருமல் தொண்டையைப் பிடித்ததும், திருகோணமலையில் சந்தைக்குப் பின்னால் இருந்த காசிம் நானாவின் கடை நினைவுக்கு வந்துவிட்டது.

கூட்டுறவுச் சங்கக்கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே சாமான் முடிந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி "இல்லை" என்பார்கள். "அந்த இல்லையைக் கேட்க எனக்கு ஏலாது" என்று அம்மா என்னையும் பையையும் இழுத்துக்கொண்டு, வெயிலில் நடந்து, மண்ணெண்ணெயும் கருவாடும் சவர்க்காரமும் ஒன்றாய் மணக்கும் நானாவின் இருட்டுக் கடைக்குத்தான் போவார். நானாவின் வாயில் அந்தச் சொல் வராது. சாக்கு வெறுமையாய்ச் சுருண்டு கிடந்தாலும் "நாளைக்கு வரும் தங்கச்சி" என்பார், அநேகமாக வந்தும்விடும்.

கலவரத்தில் கடை எரிந்தது. யார் கொளுத்தியது என்று பெரியவர்கள் எங்கள் முன்னால் கதைக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அம்மா பழக்கதோஷத்தில் பையையும் எடுத்துக்கொண்டு என்னோடு போனார். மிளகாய்ச் சாக்குகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. கறுத்த தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடி நானா சாம்பலுக்குள் நின்றார். அம்மா கேட்டார்:

"செத்தல் இருக்கோ நானா?"

நானா சுற்றிவரப் பார்த்தார்.

"நாளைக்கு வரும் தங்கச்சி."

அன்று பின்னேரமே அவர் மூதூருக்கு லாஞ்சிப் படகேறிப் போனாராம், பிறகு வரவேயில்லை. சங்கக்கடையில் செத்தல் இருந்தது. அம்மா வாங்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க உறைப்பில்லாத கறியைத்தான் தின்றோம், சந்தைப் பக்கக் காற்று வீசும்போதெல்லாம் இருமிக்கொண்டு.