சீச்சீயின் பட்டாள நாள்

பாலக்கரை அல்ஷிஃபாவின் மூக்கைப் போல இன்னொரு மூக்கு திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது. மன்னார்புரத்தில் யாராவது வெங்காயத்தைத் தீய விட்டால், இவள் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தச் சட்டி எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவாள். சரி, இதில் முக்கால் பங்கு கூட்டிச் சொன்னது. மிச்சக் கால் பங்கு இதுதான்: அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு உலகத்தில் பாதிப் பொருள்கள் அருவருப்பு. பால் ஏடு, ஈரத் துடைப்பம், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கழுத்தில் வழியும் தலை எண்ணெய், அடுத்தவர் கடித்த பென்சில். எதைக் கண்டாலும் உதடு கோணிக்கொள்ளும், "ச்சீ" என்பாள். இரண்டாவது "ச்சீ" தானாக வந்து விழும்.

அதனால் ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பேரே சீச்சீ. வைத்தவள் ஸ்ரீரங்கத்திலிருந்து வேனில் வரும் சுபலட்சுமி. மிஸ் வருகைப் பதிவேட்டில் "அல்ஷிஃபா" என்று கூப்பிட்டால், "சீச்சீ பிரசன்ட் மிஸ்" என்று பின் பெஞ்சு பதில் சொல்லும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சவூதியில் வேலை பார்க்கும் அப்பா, அவளுக்கு அத்தா, வீடியோ காலில் வந்தபோது, தம்பி அர்ஹம் போனை நீட்டி, "அத்தா, சீச்சீகிட்ட குடுக்கவா?" என்றான். அத்தாவும் சிரித்தார். அன்றைக்குத்தான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பள்ளியில் வரலாற்று நாள் வந்தது. சமூக அறிவியல் ஆசிரியர் செபஸ்தியான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், முழுசாகவே கெடுப்பார். வெள்ளைக்காரப் பட்டாளம் உறையூர்ப் பக்கம் வந்து புதுசாகக் குடியேறிய காலத்தில் ஒரு குழந்தையின் நாள் எப்படிப் போயிருக்கும்? அதைப் பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் மூன்று வரை வாழ்ந்து காட்ட வேண்டும் என்றார். மைதானத்தில் கயிறு கட்டி, உள்ளே மூன்று கீற்றுக் கொட்டகை போட்டார்.

சுபலட்சுமிக்கு அதிகாரி மகள் வேஷம். சரிகை வைத்த கவுனும் விசிறியும் அவளுக்கு. முரசடிக்கிற சிப்பாயின் மகளாக இருக்க யாரும் கை தூக்கவில்லை. அல்ஷிஃபா தூக்கினாள்.

"நீயா?" என்றாள் சுபலட்சுமி. "சாணியைப் பார்த்தாலே மயங்கி விழுவியேடி."

"விழ மாட்டேன்."

"அன்னைக்கு முழுக்க ஒரு தடவைகூட ச்சீ சொல்லாம இருந்துட்டா, அந்தப் பேரை இனிமே யாரும் சொல்ல மாட்டோம். நானே சொல்ல விடமாட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணு சொன்னாலும் அவ்ளோதான். காலேஜ் வரைக்கும் நீ சீச்சீதான்."

வகுப்பே சாட்சி.

வரலாற்று நாள் காலை அல்ஷிஃபா அம்மாவின் பழைய புடவையில் கிழித்த துண்டை மூக்கில் பொத்திக்கொண்டுதான் கயிற்றுக்குள் நுழைந்தாள். முதல் வேலை சாணி மெழுகுவது. கை மணிக்கட்டு வரை புதைந்தது, உள்ளே ஏதோ நெளிந்தது. அது வைக்கோல்தான் என்று தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டாள். அப்புறம் கரித்தூளால் பல் துலக்கினாள். கரி ஈறில் நறநறத்தது, துப்பியது கறுப்புக் கோழையாகக் காலடியில் கிடந்தது. காலைச் சாப்பாட்டுக்கு உப்புப் போடாத பழைய கஞ்சி. மேலே மிதந்த ஈயை செபஸ்தியான் சார் சுண்டு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்மா" என்றார்.

அவருடைய ஸ்டீல் பிளாஸ்க் மட்டும் இந்தக் காலத்தது. கொட்டகைக்குப் பின்னால் நின்று அதிலிருந்து அடிக்கடி காபி குடித்தார்.

பத்து மணிக்கு விளக்கெண்ணெய். வேஷம் கட்டிய எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கரண்டி. அல்ஷிஃபா எட்டாவது. முன்னே போன ஏழு பேரின் எச்சிலும் அந்தக் கரண்டி விளிம்பில் நூல் இழுத்துக்கொண்டு நின்றது. கண்ணை மூடிப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே விழுங்கினாள். பதிமூன்று ஆறு எழுபத்தெட்டில் எண்ணெய் மேலே ஏறி வந்தது, எழுபத்தெட்டிலேயே திரும்ப உள்ளே தள்ளினாள்.

மெழுகுவர்த்திக்குக் கொழுப்பு உருக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இது என்ன கொழுப்பு சார்?"

"ஆடுதாம்மா. உங்க தெரு ஹலால் கடையில வாங்கினதுதான்."

பிசுபிசுத்த கொழுப்பில் திரியைத் தோய்த்தாள். விரலிடுக்கில் அது வெள்ளைத் தோலாக உறைந்தது. ச்சீ வரவில்லை. பதினோரு மணிக்கு வரவில்லை, ஒரு மணிக்கும் வரவில்லை. மத்தியானம் பேன் சீப்பு கொண்டு அவள் தலையை வாரி, சிக்கியதை எல்லாருக்கும் காட்டினார்கள். அப்போதும் வரவில்லை. சுபலட்சுமியின் விசிறி நின்றுவிட்டது.

"எப்படிடி முடியுது?" என்றாள் மெதுவாக.

இரண்டே முக்காலுக்குக் கடைசி வேலை, தண்ணீர் ஊற்றுவது. அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குத் தண்ணீர் தோல் பையில் வந்தது. செபஸ்தியான் சார் ஓர் ஆட்டுத் தோலை வாங்கி, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, உப்புத் தடவிப் பள்ளி மொட்டை மாடியில் பத்து நாள் காயப்போட்டுத் தாமே பை தைத்திருந்தார். தோல் பதமாக மாதக்கணக்கில் ஆகும் என்று தோல் விற்றவர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் நிரப்பிய பை, வெயிலில் ஊதிப் போய்க் கொம்பில் தொங்கியது.

எல்.கே.ஜி. பிள்ளைகள் கை குவித்து வரிசையில் நின்றார்கள். பார்க்க வந்திருந்த அம்மாக்கள் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அல்ஷிஃபாவின் அம்மா கமருன்னிசாவும் நின்றாள், போனில் அத்தா இருந்தார். அல்ஷிஃபா பையின் கழுத்தை அவிழ்த்தாள்.

செத்த எலி, அழுகின முட்டை, மழை நாள் சாக்கடை மூன்றையும் ஒரே பானையில் வைத்துப் புழுங்க விட்டால் எப்படியோ, அப்படி ஒரு நாற்றம் அவள் மூளைக்கே ஏறியது. கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டால் பேர் போய்விடும். முதலில் நின்ற பையனுக்கு முன் பல் இரண்டும் இல்லை. குவித்த கையை இன்னும் மேலே தூக்கினான்.

"ச்சீ" என்றாள் அல்ஷிஃபா. "குடிக்காதே. ச்சீ."

மைதானமே கேட்டது.

"நல்லாக் கழுவின பைதாம்மா, சும்மா ஊத்து" என்று செபஸ்தியான் சார் வந்தார்.

"அப்ப நீங்க முதல்ல குடிங்க சார்" என்றாள்.

சார் பைக்குள் கையை விட்டார். கொழகொழவென்று ஒரு கொத்து மயிரும் அதோடு உரிந்து வந்த சதையும் அவர் விரலில் தொங்கின. கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். காலையிலிருந்து குடித்த காபி முழுவதும் அங்கே வெளியே வந்தது.

பேர் போகவில்லை. பந்தயம் பந்தயம்தான் என்று சுபலட்சுமி கறாராக நின்றாள். ஆனால் மறுநாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டியவளும் அவள்தான். "சீச்சீ, இந்தத் தயிர் சாதம் கெட்டுப்போச்சா பாரேன். நீ சொன்னாத்தான் சாப்பிடுவேன்." அதற்கடுத்த நாள் நான்கு டப்பாக்கள் நீண்டன. இப்போது திருவெறும்பூரிலிருந்துகூட ஆட்கள் பால் பாக்கெட்டோடு வந்து, அந்த மூக்கின் தீர்ப்புக்காகப் பாலக்கரைச் சந்தில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார்கள்.

நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அல்ஷிஃபா இந்த இடத்தில் நிமிர்ந்தாள்.

"டோக்கனெல்லாம் இல்ல. அன்னைக்கு எனக்கு எந்த நாத்தமும் தெரியவும் இல்ல. சளி பிடிச்சு மூக்கு ரெண்டும் அடைச்சிருந்துச்சு, அதான் துணி வச்சிருந்தேன். அதனாலதான் விளக்கெண்ணெயே உள்ள போச்சு. பை வாயில மயிர் ஒட்டிட்டிருந்ததைக் கண்ணால பார்த்துத்தான் ச்சீன்னேன்."