அக்காவின் பெயருக்கு ஜாமீன்

என் அக்கா குளிர்பெட்டி மெக்கானிக். மருந்துக்கடை, பால்கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே பெட்டி சூடானாலும் அவள்தான். இப்போதெல்லாம் மனிதர் யாரும் போன் செய்து கூப்பிடுவதில்லை. பெட்டி சூடேறுவதைக் கண்டதும் கடைக்காரரின் மென்பொருள் ஏஜென்ட் மற்ற ஏஜென்ட்களிடம், யார் நல்ல ஆள் என்று விசாரிக்கும். அந்த வட்டாரத்தில் அக்காவின் ஏஜென்ட்டுக்கு எட்டு வருட நல்ல பெயர். இரண்டு மணிக்கு வருவாள் என்று அது சொன்னால், ஒன்று ஐம்பதுக்கே அக்கா வாசலில் நிற்பாள்.

அந்தப் பெயரைத் துடைத்துப் போட்ட புண்ணியவதி நான்தான். அக்காவின் போன் ஆமையாக நகர்கிறதே என்று அதிலிருந்த பழைய ஏஜென்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! எட்டு வருடக் கணக்கும் பழையதோடு போய்விட்டது. புதியதை யாருக்கும் தெரியாது. ஊர் பேர் தெரியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பத்தொன்பது நாள் அக்கா பட்டறையில் ஈ ஓட்டினாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பட்டறையை மூடிவிட்டு யாரிடமாவது கூலிக்குத்தான் போகவேண்டும். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் திட்டவில்லை.

இருபதாம் நாள் மீசைக்காரர் வந்தார். அவருக்கும் அதே தொழில், அக்காவுக்கு நேர் போட்டி.

"என் ஏஜென்ட்டை உனக்கு ஜாமீன் நிக்கச் சொல்லிட்டேம்மா," என்றார்.

பெயரெடுத்த ஏஜென்ட் ஒன்று புதியதற்கு ஜாமீன் நிற்கலாம். புதியது சொதப்பினால் இரண்டுக்கும் மதிப்பெண் குறையும். தெரிந்தே யார் தலையைக் கொடுப்பார்கள்?

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?" என்றாள் அக்கா.

"நான் சரியா பாக்காம விட்ட பெட்டி பதினொண்ணு உன் கைக்கு வந்திருக்கு. ஒரு ரிப்போர்ட்லகூட நீ என்னைக் குத்திக்காட்டலையே."

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து தடுப்பூசிப் பெட்டி வேலை வந்தது. நானும் கூடவே ஓடினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கம்ப்ரசர் கிட்டத்தட்ட அவுட். கொஞ்சம் கேஸ் ஏற்றினால் நாலு மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓடும். அதற்குள் 'வேலை முடிந்தது' என்று எழுதிவிட்டு நழுவிவிடலாம்.

"எழுதிடுக்கா, ப்ளீஸ்!" என்று வெட்கமில்லாமல் நானே கெஞ்சினேன்.

"வாயை மூடுடி," என்றாள். மீசைக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, முடியலன்னுதான் எழுதணும். உங்க மார்க்கும் குறையும்."

"குறைஞ்சா குறையட்டும். மருந்து கெட்டா யாருக்கு லாபம்? எழுதும்மா."

'சரிசெய்ய முடியாது. மருந்தை உடனே மாற்றுங்கள்' என்று எழுதி அனுப்பினாள். இரண்டு பேருக்கும் மதிப்பெண் மளமளவென்று இறங்கியது. நர்ஸோடு சேர்ந்து நாங்களே தட்டுத் தட்டாக ஊசிமருந்தை மாடிப் பெட்டிக்குச் சுமந்தோம். போச்சு, எல்லாம் போச்சு என்று படிக்குப் படி நான் புலம்பினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் ஏஜென்ட் மற்ற எல்லா ஏஜென்ட்களுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தது. 'முடியாததை முடியாது என்று சொன்னார். தொள்ளாயிரம் ஊசி பிழைத்தது. இனி இவருக்கு நானும் ஜாமீன்.'

இத்தனை நாள் கண் கலங்காத அக்கா, அதைப் படித்துவிட்டு ஓவென்று அழுதாள். அன்றே மூன்று வேலை வந்தது. ஒன்றை மீசைக்காரருக்கு அனுப்பி, அந்த வேலைக்குத் தானே ஜாமீன் நின்றாள்.