பாஸில் விட்ட பெயர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வெல்டிங் கடை வைத்திருந்த தங்கையா, குளிக்கப் போனாலும் அடையாள அட்டையைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் வாளியைத் தொடுவான். பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு ஓடிய குடும்பம். அட்டையிலும் வவுனியா விலாசம்தான். தொண்ணூற்றாறில் ஒரு சுற்றிவளைப்பில் அந்த விலாசத்தைப் பார்த்தே புலி என்று சந்தேகப்பட்டு ஏற்றிக்கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் அட்டையைக் கைவிட்டுக் கொடுத்தது வெள்ளவத்தை சுந்தரலிங்கத்திடம் மட்டும். கப்பல் கம்பனிக் கிளார்க். வீட்டு இரும்புக் கேட் ஒட்டுவிக்கக் கடைக்கு வந்த இடத்தில் பழக்கம். ஆறு வருசமாக அவரும் டயர் கடை ஷரீபும் தங்கையாவும் ஞாயிறு என்றால் ஒன்றாகத்தான் சுற்றுவார்கள்.

கற்பிட்டிக்கு அங்கால் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் டொல்பின் கூட்டம் கூட்டமாக வருகிறது, படகில் போய்ப் பார்ப்போம் என்றார் சுந்தரலிங்கம். சண்டைக் காலம், கடலில் இறங்க நேவியின் அனுமதிப் பாஸ் வேண்டும். தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி மற்ற இருவருடைய அட்டையையும் வாங்கிப் போனார். அட்டை இல்லாத அந்த நாலு நாளும் தங்கையா கடைக்கு உள்ளேயே தின்று உள்ளேயே படுத்தான்.

வேனில் போகிற வழியில் எல்லாச் சோதனைச் சாவடியிலும் மூன்று அட்டையையும் சுந்தரலிங்கமே நீட்டினார். கரையில் நேவிக்காரன் பாஸைப் பார்த்து இரண்டு பெயரை வாசித்தான். மூன்றாவது பெயர் இல்லை.

"லிங்கண்ணே, என் பேரு?"

"வவுனியா விலாசத்தைக் கண்டால் எங்களில ஒருத்தருக்கும் பாஸ் தரமாட்டாங்கள், தங்கையா. இங்க வந்து கதைச்சுப் பாக்கலாம் எண்டு நினைச்சனான்."

ஆனால் அவர் கதைக்கவில்லை. இவன் யார் என்று நேவிக்காரன் கேட்டதற்கு, வேனோடு வந்த ஆள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். ஷரீப் செருப்பைக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டான். அட்டை சுந்தரலிங்கத்தின் சட்டைப் பையில். தங்கையா கூப்பிட்டது எஞ்சின் சத்தத்தில் எடுபடவில்லை.

நேவிக்காரன் அட்டையைக் கேட்டான். தங்கையா கடலைக் காட்டினான். நேவிக்காரன் அவனை மண்மூட்டைக்குப் பின்னால் உட்காரச் சொன்னான். இரண்டரை மணித்தியாலம்.

படகில் போன இருவரும் நனைந்து சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். டொல்பின் இருநூறுக்குக் குறையாது என்று ஷரீப் சொல்லிக்கொண்டு வந்தான். தங்கையாவின் அட்டையை வாங்கிய நேவி அதிகாரி விலாசத்தைப் பார்த்தான், சுந்தரலிங்கத்தைப் பார்த்தான். இந்த ஆளுக்கு நீங்கள் பொறுப்பா என்று கேட்டான்.

தங்கையா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முகம் தெரியும்," என்றார் சுந்தரலிங்கம்.

கடைசியில் கைகொடுத்தது தங்கையா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி டோரின் அம்மா. அதிகாரி அவளுக்குப் போன் எடுத்தபோது, பொலிஸில் பதிந்த குடியிருப்போர் படிவத்தை எடுத்துவைத்து இலக்கம் இலக்கமாக வாசித்தாள். ஏழு வருசமாகத் தன் வீட்டு மாடியில் இருப்பவன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அட்டை கைக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. வேன் மற்ற இருவரோடும் போய்விட்டிருந்தது. புத்தளம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனான்.

இரண்டு ஞாயிறு கழித்து சுந்தரலிங்கம் கடைக்கு வந்தார். கையில் கேக் பெட்டி. தான் பிள்ளை குட்டிக்காரன், அந்த இடத்தில் வேறென்ன சொல்ல ஏலும் என்று நெடுநேரம் கதைத்தார். தங்கையா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளவு நாடாவை எடுத்தான்.

"இரும்புக் கேட்டா, ஜன்னல் கிரில்லா, ஐயா? அளவு சொல்லுங்க."